எலுமிச்சை அறிக்கையின் கடைசிப் பகுதி

தென்காசி,
18-6-1984

அன்புள்ள சிவசைலத்துக்குச் செல்லச்சாமி எழுதிக்கொண்டது. நானும் உலகம்மையும் பிள்ளைகளும் இங்கு சுகம். பம்பாயில் நாலாயிரம் சம்பளமும் குடியிருக்க வீடும் கொடுத்திருக்கிறார்கள் என்றால் உன் சுகத்தைத் தனியாக விசாரிக்க வேண்டியதில்லை.

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடாதது வேலை மிகுதியால் அல்ல, பொறாமையால். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது.

நீ போன பிறகு நம் ஆலோசனை ஆபீஸில் நான் ஒருவன்தான். செங்கல் சூளைக்காரருக்கும் அரிசி ஆலைக்காரருக்கும் பாங்கில் காட்டத் திட்ட அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் குற்றாலத்து லாட்ஜ்காரர் வந்தார். சீசன் மூன்று மாதம் போக, மீதி ஒன்பது மாதம் அறைகளைப் பூட்டி வைப்பதா என்று கேட்டார். என் யோசனை முழுவதையும் கேட்டுவிட்டு, எதற்கும் சிவசைலம் சாரிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுதுங்களேன் என்றார். புளியங்குடி கமிஷன் கடை இசக்கியப்பன் அண்ணாச்சி அதற்கும் மேல். "ஏலே, அவன் பம்பாய்ல ஒரு நிதிக் கம்பெனிக்கே வழி சொல்லுதானாம். நீ இங்கன என்னலே பண்ணுத?" என்று சந்தையில் பத்துப் பேர் முன்னால் கேட்டார். சிரித்துக்கொண்டே வந்தேன். வீட்டில் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டேன்.

கம்பெனி அடுத்த ஐந்து வருடத்தில் எந்த ஊருக்குப் போகலாம், எந்தத் தொழிலை நம்பலாம் என்று யோசித்துச் சொல்வதுதான் வேலை என்று எழுதியிருந்தாய். அதை உலகம்மைக்கு வாசித்துக் காட்டினேன். "யோசிக்கதுக்கா நாலாயிரம்? நீங்களும் அதைத்தான செய்யுதீய?" என்றாள். அவள் வெள்ளை மனதோடு கேட்டதுதான் எனக்கு அதிகமாகச் சுட்டது.

ஆறு மாதமாக ஒரு சமாதானம் வைத்திருந்தேன். ஆபீஸ் தொடங்கியபோது எனக்கு ஏழரைச் சனி. என் பெயரில் எதுவும் வேண்டாம் என்று ஜோசியர் சொன்னதால் பலகையிலும் அறிக்கைகளிலும் உன் பெயர் மட்டும் போட்டோம். போன சீசனில் குற்றாலத்தில் குளிக்க வந்த உன் கம்பெனி அதிகாரியிடம் இசக்கியப்பன் அண்ணாச்சி நம் எலுமிச்சை அறிக்கையைக் காட்டி ஊறுகாய் ஆலைக்குக் கடன் கேட்டார். அவரோ அட்டையில் இருந்த பெயரைக் கூப்பிட்டு வேலை கொடுத்துவிட்டார். என் பெயர் இருந்திருந்தால் நான் போயிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பத்து நாளுக்கு முன் உன் கம்பெனியிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. உன்னை நிரந்தரமாக்கப் போகிறார்களாம். அந்த அறிக்கையை, முக்கியமாக அதன் கடைசிப் பகுதியை, நீயேதான் எழுதினாயா என்று கூட வேலை பார்த்த நான் சொல்ல வேண்டுமாம். விசாரிக்க என் பெயரைக் கொடுத்தவன் நீதான். எவ்வளவு நம்பிக்கை உனக்கு!

இருவரும் சேர்ந்து எழுதியது என்று ஒரு வரி போட்டால் போதும், உன் வேலை ஆட்டம் கண்டுவிடும். முழுப் பொய்யும் இல்லை. வெயிலில் தோட்டம் தோட்டமாக அலைந்து விளைச்சலை விசாரித்தவன் நான். அந்த வரியை எழுதி உறையிலும் போட்டுவிட்டேன். ஒட்டுவதற்கு முன் ஏனோ அறிக்கையின் பழைய பிரதியை எடுத்தேன். லாரி வராத நாளில் எலுமிச்சை அழுகாமல் இருக்க ஊர் என்ன தொழில் தொடங்க வேண்டும் என்று நீ எழுதிய நாலு பக்கம்தான் அந்தக் கடைசிப் பகுதி. அதன் ஓரத்தில், "கேட்டது கடன், நீ சொல்லுதது ஜோசியம். கிழிச்சுப் போடுலே" என்று பென்சிலால் இருக்கிறது. என் கையெழுத்துதான். அவர்கள் சம்பளம் கொடுப்பது அந்த நாலு பக்கத்துக்கு. இதில் சனியைக் குற்றம் சொல்ல முடியாது.

கடைசிப் பகுதி முழுவதும் உன்னுடையது, வேண்டாம் என்றவன் நான் என்று எழுதி இன்று காலை பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். மாதக் கடைசிக்குள் நல்ல செய்தி வரும். நன்றி சொல்லி எழுதாதே.

கல்யாணமான பிறகு முதல் தடவையாக நீலாவைச் சாரலுக்கு அழைத்து வருவதாகவும், எங்கள் வீட்டில்தான் தங்குவதாகவும் எழுதியிருக்கிறாய். சிவசைலம், இந்த வருடம் வராதே. உனக்கு லீவு இல்லை என்று உலகம்மையிடம் சொல்லிக்கொள்கிறேன். உன்னைப் பார்த்தால் என் முகம் எப்படிப் போகும் என்று எனக்கே தெரியவில்லை. அடுத்த வருடம் வா. அதற்குள் நான் சரியாகிவிடுவேன்.

நீங்கள் இருவரும் குறைவில்லாமல் இருக்க வேண்டும் என்று நேற்று இலஞ்சி முருகனிடம் கேட்டேன். முதல் தடவை வாய்தான் கேட்டது. ஒரு சுற்று சுற்றி வந்து மறுபடியும் கேட்டேன்.

உன் கூட்டாளி,
செல்லச்சாமி