மூன்றாம் ஓலை

தூலோன்,
2.8.1981

அன்புள்ள அற்புதம் அத்தைக்கு,

டெய்சி முத்தங்களுடன் எழுதுவது. நாங்கள் மூவரும் நலம். என் தமிழில் பிழை இருந்தால் உங்கள் தம்பியைத் திட்டுங்கள், சொல்லிக்கொடுத்தது அவர்தான்.

நவம்பரில் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை மிஷேல், இந்த ஊர்ப் பிரெஞ்சுக்காரர். என்னோடு தபாலாபீசில் வேலை பார்க்கிறார். எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த காரைக்கால் கோயிலிலும் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்து, யாருக்காவது தடை உண்டா என்று கேட்க வேண்டும் என்கிறார் இங்குள்ள சாமியார். அதுதான் பயமாக இருக்கிறது.

என் அடையாளக் கார்டில் பிரெஞ்சு என்றுதான் இருக்கிறது. ஆனாலும் கவுண்டரில் "எந்த நாட்டுப் பெண்?" என்று யாராவது கேட்காத நாள் இல்லை. பதினைந்து வயதில் அங்கே வந்தபோது எதிர்வீட்டுச் சலோமி "வெள்ளைக்காரி வர்றா" என்று தெரு முழுக்கக் கத்தினாள். இனி வரவே மாட்டேன் என்று உங்கள் மடியில் அழுதேனே. இப்போது சாமியார் தடை கேட்கும்போது, இவள் நம் பெண்ணே இல்லை என்று யாராவது எழுந்துவிட்டால்?

உங்கள் மருமகள்,
டெய்சி

*

காரைக்கால்,
7.9.1981

என் கண்ணு டெய்சிக்கு,

அத்தையின் ஆசீர்வாதம். வெள்ளைக்காரன் காரைக்காலை விட்டுப் போனபிறகும் பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்கிறேன் என்று உன் அப்பன் கையெழுத்துப் போட்டபோது ஒரு வருஷம் அவனோடு நான் பேசவில்லை. அந்தச் சீமையிலும் பிள்ளைக்குத் தமிழ் எழுதக் கற்றுக்கொடுத்தானே, அதற்காக எல்லாவற்றையும் மன்னித்தேன்.

நேற்று முதல் ஓலை. "இந்தக் கோயில் பங்கைச் சேர்ந்த யாகப்பன் மகள் டெய்சி" என்று சாமி வாசித்தார். எவரும் தடை சொல்லவில்லை. உன் முறைப்பையன், என் மகன் சிலுவைராஜ்கூட வாயைத் திறக்கவில்லை, பிழைத்தாய் போ! சலோமி மட்டும் திரும்பித் திரும்பி என்னையே பார்த்தாள்.

அத்தை

*

காரைக்கால்,
21.9.1981

டெய்சி கண்ணு,

நேற்று மூன்றாம் ஓலை. சாமி தடை கேட்டதும் சலோமி எழுந்தாள், இடுப்பில் கைக்குழந்தையோடு. எனக்கு உயிரே போய்விட்டது.

"ஒரு தடை இருக்கு சாமி. அது எங்க தெருப் பொண்ணு. நாங்க கண்ணால பாக்காம, ஒரு வாய் சோறு போடாம எப்படிங்க கட்டி வைப்பீங்க?"

கோயிலே சிரித்தது. "இதை எழுத எங்கிட்ட புத்தகம் இல்லம்மா" என்று சாமியும் சிரித்தார்.

வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கு அவ போட்டிருந்த கவுன் மேல ஆசை பெரியம்மா. அதான் அப்படிக் கத்திட்டேன். எழுதுங்க அவளுக்கு" என்று அழுதாள். எழுதிவிட்டேன்.

அத்தை

*

தூலோன்,
5.10.1981

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "எங்க தெருப் பொண்ணு" என்ற இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகும் ஒரு தடவை.

இன்று கவுண்டரில் ஒரு பெரியவர் எந்த நாட்டுப் பெண் என்று கேட்டார். காரைக்காலில் எந்தத் தெரு, எந்த வீடு, எதிர்வீட்டில் யார் என்பது வரை சொன்னேன். பின்னால் வரிசை வாசலைத் தாண்டிவிட்டது. மிஷேல் இன்னும் சிரிக்கிறார்.

உங்களுக்கும் சலோமிக்கும் எவ்வளவு நன்றி சொன்னாலும் எனக்கு மனசு ஆறாது. ஜனவரியில் நானும் மிஷேலும் வருகிறோம். முதல் வாய்ச் சோறு அவள் வீட்டில்தான். நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

உங்கள் தெருப் பெண்,
டெய்சி