ஒற்றைச் செருப்பு

9 பெப்ரவரி 1993, செவ்வாய்

மல்லிகா அக்காவின் அகதி விசாரணைக்கு நான் எழுதிய வாக்குமூலத்தை இன்று அஜின்கோர்ட் பகுதியில் உள்ள அவர் வீட்டில் வாசித்துக் காட்டினேன். ஊரில் கணவரை ஆமிச் சிப்பாய்கள் பிடித்துக்கொண்டு போனதைச் சொல்லும் இடத்தில் அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

“தம்பி, நான் எங்கை கதறி அழுதனான்? பின்னாலை ஓடச் செருப்பைத் தேடினனான். ஒண்டுதான் கிடந்தது.”

கதறியது நான். என் அண்ணாவை ஆமி கொண்டுபோன அன்று. அதைத் தூக்கி அக்காவின் வாயில் வைத்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

நூலகத்தில் எடுத்த புத்தகத்தில் லிசியாஸ் என்றொரு பழைய கிரேக்கப் பேச்சாளன் வருகிறான். ஏதென்ஸில் குடியுரிமை இல்லாதவன். வழக்குக்காரர்களுக்குப் பேச்சு எழுதிக்கொடுத்தவன். அவரவர் பேசுகிற மாதிரியே எழுதினானாம். ஆட்சியாளர்கள் கொன்ற தன் அண்ணனுக்காகத் தானே எழுந்து பேசினானாம்.

அக்காவின் தாள்களைக் கிழித்துவிட்டு ஒற்றைச் செருப்போடு திருப்பி எழுதி முடித்தேன். வெள்ளிக்கிழமை கொடுக்கவேண்டிய என் சொந்த அகதிப் படிவம் இன்னும் வெறுமையாகவே கிடந்தது. மற்றவர்களுக்கு எழுதுகிறேன் என்று இனியும் சாட்டுச் சொல்ல முடியாது. அண்ணாவின் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே, கதறி அழுதேன் என்ற அந்த வரியை எழுதினேன்.