ஒரு ஞாயிறும் தவறாதவள்

இயேசு மரி சூசை

கோட்டுச்சேரி,
8.2.1981

அன்புள்ள அல்லிக்கு,

ஞானமேரி எழுதுவது. இங்கு எல்லாரும் சுகம். உன் சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன். தலத்தெருவில் உன் அம்மாவைப் பார்த்தேன். "மெட்ராசு போனவ எனக்கே எழுத மாட்டேங்கிறா, உனக்கா எழுதப்போறா?" என்றார்கள். அதனால் நானே முந்திக்கொண்டேன்.

சுற்றி வளைக்கவில்லை. உங்கள் கம்பெனி கூடைப்பந்து அணியில் இரண்டு பேர் கல்யாணமாகிப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். நான் ஆடிய மில் அணியைக் கலைத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அணியோடு வேலையும் போயிற்று. இப்போது நான் எந்த அணிக்கும் சொந்தமில்லை. யார் கூப்பிட்டாலும் போவேன், யாரும்தான் கூப்பிடவில்லை. அண்ணன் வீட்டில் ரவிக்கை தைக்கிறேன். அண்ணி நல்லவள். "உக்காந்தே செய்யிற வேலைதானே" என்று மட்டும் தினம் ஒரு தடவை சொல்லிவிடுவாள். அண்ணன் ஒரு மாப்பிள்ளை பார்த்திருக்கிறான். பெண்சாதியை இழந்தவர், மூன்று பிள்ளைகளின் தகப்பன். அதற்குள் ஒரு வேலை வந்தால் தப்புவேன். உன்னை விட்டால் எனக்கு யாரைத் தெரியும்?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஞானமேரி

உ

சென்னை,
22.2.1981

அன்பு ஞானம்,

உன் கடிதம் வந்த அன்றைக்கே அம்மாவுக்கு எழுதிவிட்டேன். இனிமேல் நீயும் சேர்ந்துகொண்டு கோள் மூட்டாதே.

உன் பேரைத் தேர்வுக் குழுவில் சொன்னேன். கேப்டன் என்பதால் எனக்கும் அங்கே ஒரு நாற்காலி உண்டு. கோச் சுப்பையன் சார் உன் பக்கம். "அந்தப் பொண்ணு பத்து நிமிஷம் ஆடினா போதும் சார், மத்தவங்க முழு ஆட்டம் ஆடினதுக்குச் சமம்" என்றார். செயலாளர் திருஞானசம்பந்தம் பிடி கொடுக்கவில்லை. "முட்டி போன ஆளை எடுத்தா இந்த வருஷம் கோப்பை கிடைக்கும், அடுத்த வருஷம் பெஞ்சில உக்காரும். அப்புறம் முப்பது வருஷம் யார் சம்பளம் கொடுக்கறது?" என்கிறார். கோபிக்காதே, அவர் கேட்பதும் நியாயம்தான். ஆட்டம் நாலு வருஷம், வேலை ஆயுசுக்கும். அவர்களுக்கு நீ ஒரு சூதாட்டம்.

முட்டி முழுக்க ஆறிவிட்டது என்று நான் சொல்லி வைத்திருக்கிறேன். எனக்கு மட்டும் உண்மையை எழுது. ஏப்ரல் 4 சனிக்கிழமை டிரையல். உங்கள் பங்குச் சாமியாரிடம் நன்னடத்தைச் சான்று வாங்கி, உறையை ஒட்டியபடியே செயலாளர் பேருக்கு அனுப்பிவிடு.

உன்,
அல்லி

இயேசு மரி சூசை

கோட்டுச்சேரி,
4.3.1981

அன்புள்ள அல்லிக்கு,

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். இடது முட்டி. நேராக ஓடலாம், குதிக்கலாம். சட்டென்று திரும்பினால் நழுவுகிறது. போன மழையில் குடத்தோடு விழுந்தேன். டாக்டர், "இன்னொரு தடவை போச்சுன்னா காலை நம்பாதே" என்று சொல்லிவிட்டார். மண்டியிட்டால் தூக்கிவிட ஆள் வேண்டும். பூசையில் எல்லாரும் மண்டியிடும்போது நான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். இப்படிப் பொத்திப் பொத்தி வைத்தால் இரண்டு வருஷம் ஆடுவேன். அதற்கு மேல் சத்தியம் பண்ண மாட்டேன்.

நாம் ஒன்றாக ஆடிய நாகப்பட்டினம் இறுதி ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? முட்டி பலாக்காய் மாதிரி வீங்கியிருந்தது. "பாதி ஆட்டம் தாங்குடி, என் வேலை இந்தக் கோப்பையிலதான் இருக்கு" என்று உன் தாவணியைக் கிழித்து நீதான் கட்டினாய். முழு ஆட்டமும் ஆடினேன். குத்திக்காட்டுவதாக எடுத்துக்கொள்ளாதே. அன்றைக்கு என்மேல் பந்தயம் கட்டி ஜெயித்தாய், இன்னொரு தடவை கட்டு என்கிறேன்.

சாமியார் என்ன வேலை என்று கேட்டார். ஆபீஸ் வேலை என்றேன். பந்து ஆடினால் வேலை கொடுப்பார்கள் என்றால் அவர் சிரிப்பார். "உன்னைப் பத்தி உயர்வா எழுதியிருக்கேன் மகளே" என்று உறையை ஒட்டிக் கொடுத்தார். நானே தபாலில் போட்டேன்.

அன்புடன்,
ஞானமேரி

உ

சென்னை,
9.4.1981

அன்பு ஞானம்,

டிரையலில் நீ பதினெட்டுப் புள்ளி எடுத்தாய். நீ பஸ் ஏறிய பிறகு செயலாளரே, "சரி, துணிஞ்சு எடுத்துடலாம்" என்றார். உன் பேரை எழுதியாகிவிட்டது. காகிதங்களைச் சேர்த்துக் கட்டும்போதுதான் சாமியாரின் உறையைப் பிரித்து உரக்கப் படித்தார். "முழங்கால் நோயினால் இரண்டு வருடங்களாக மண்டியிட இயலாத நிலையிலும், ஒரு ஞாயிறும் பூசை தவறாதவள்."

சுப்பையன் சார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். செயலாளர் என்னிடம், "உங்களுக்கு இது தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றால் என் வேலைக்கே விளக்கம் கேட்பார்கள். தம்பி படிப்பு என் தலையில் இருக்கிறது. "தெரியாது சார், எங்கிட்டயும் மறைச்சிட்டா" என்றேன்.

தெரியாது என்பதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. இடத்தைப் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். என்னைத் திட்டியாவது எழுது, ஞானம். எழுதாமல் இருந்துவிடாதே.

அல்லி

இயேசு மரி சூசை

கோட்டுச்சேரி,
20.4.1981

அல்லிக்கு,

சாமியார் போன வாரம், "வேலை கிடைச்சுதா மகளே?" என்று கேட்டார். "வயசு கூடிப்போச்சுன்னு சொல்லிட்டாங்க சாமி" என்றேன். அவர் என்னை உயர்த்தத்தான் எழுதினார். நீ ஊருக்கு வந்தால் அவரிடம் எதுவும் சொல்லிவிடாதே.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. வேலை போனதைப் பொறுத்துக்கொள்வேன். தெரியாது என்றதையும் பொறுத்துக்கொள்வேன், உன் தம்பியை நானும் அறிவேன். நான் மறைத்தேன் என்றாயே, அதுதான் ஆறவில்லை. என் முட்டியைப் பற்றி ஒன்றுவிடாமல் எழுதியது உனக்கு ஒருத்திக்குத்தான். பெரிய வெள்ளியன்று இராயப்பர் ஆண்டவரைத் தெரியாது என்று மறுதலித்த இடத்தை வாசித்தபோது உன்னை நினைக்கவில்லை என்றால் அது பொய். அவர் பிறகு அழுதார். நீயும் அழுதிருப்பாய். அதனால் எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

மாப்பிள்ளை வீட்டுக்கு அண்ணன் சரி சொல்லிவிட்டான். மே மாதம் கல்யாணம். முட்டியைப் பற்றி அவர்களிடம் மூச்சு விடவில்லை. நீ வர வேண்டாம். இதற்குப் பதிலும் எழுத வேண்டாம்.

நேற்று பாஸ்குப் பூசை, ஆண்டவர் உயிர்த்த ஞாயிறு. சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது எல்லாரோடும் நானும் மண்டியிட்டேன். இரண்டு வருஷம் பொத்தி வைத்த முட்டி. இனி யாருக்கு வைத்திருக்க? உள்ளே எதுவோ அறுந்தது எனக்கே தெரிந்தது. எல்லாரும் எழுந்தார்கள், என்னால் முடியவில்லை. பூசை முடிந்து சாமியார் என்னிடம் வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "குணமாயிடுச்சா மகளே?" என்றார். "ஆயிடுச்சு சாமி" என்றேன். நான் எழாததைப் பார்த்து, இன்னும் ஜெபம் பண்ணுகிறேன் என்று நினைத்துத் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். கோயில் காலியான பிறகு அண்ணி வந்து தூக்கினாள்.

ஞானமேரி