ஆகஸ்ட் பதினைந்து லீவு

9 ஜூலை 1997
ஆபீஸ் விட்டு வந்ததும் கீழ் வீட்டுக் கல்லூரிப் பெண் மேதாவுடன் பக்கத்து பிளாக் முழுக்க ஏறி இறங்கினேன். வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு வாரம் ஒரு நாள் லீவு கேட்கும் நோட்டீஸ். மேதா எழுதியது. 'உரிமை', 'சுரண்டல்' என்ற சொற்களைப் பார்த்ததுமே கதவுகள் மூடின. தில்லியின் இந்தக் குடியிருப்பில் பாதிப் பேர் தமிழர்கள். மலை மந்திர் முருகன் கோயிலில் பார்த்தால் சிரிக்கிறவர்கள்.

11 ஜூலை
எல்லாரும் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள். சுதந்திரப் பொன்விழா என்று எல்லா ஆபீஸிலும் தோரணம். அவர்கள் மறுக்க முடியாத கதையாகச் சொன்னால் என்ன? முதலில் ஆகஸ்ட் பதினைந்து மட்டும் கேட்போம். "தேசம் விடுதலை பெற்ற நாள், உங்கள் வீட்டில் உழைப்பவருக்கும் விடுமுறையாகட்டும்."

மேதாவுக்குப் பிடிக்கவில்லை. "கொடியைக் காட்டி லீவு கேக்கறது பிச்சை மாதிரி இல்லையா, ஆன்ட்டி? அது அவங்க ஹக்."

உரிமைதான். அப்படிச் சொல்லித்தானே கதவு மூடியது.

20 ஜூலை
குடியிருப்போர் சங்கச் செயலர் விஸ்வநாதன் புது நோட்டீஸைப் படித்தார். "அச்சா. இதுல மறுக்க என்ன இருக்கு?" அந்தப் பெண்களைக் கொடியேற்றத்துக்கும் அழைக்கலாம் என்று அவரே சொன்னார்.

15 ஆகஸ்ட்
நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பெண்கள் நல்ல புடவை கட்டி வந்திருந்தார்கள். எங்கள் வீட்டிலும் விஸ்வநாதன் வீட்டிலும் வேலை செய்யும் பூங்காவனம் முன்வரிசையில் நின்றாள். கொடி ஏறியது. விஸ்வநாதன் மைக்கில் பேசினார். பிறகு சமோசா, டீ.

எல்லாம் முடிந்ததும் விஸ்வநாதன் பூங்காவனத்திடம் சொன்னார்: "வந்ததுதான் வந்தே, இந்த பிளேட்டெல்லாம் ஜல்தி கழுவி வெச்சுட்டுப் போயிடேன்."

"இன்னைக்கு லீவு சார்."

"அஞ்சு நிமிஷ வேலைம்மா."

"நீங்கதான சார் மைக்ல சொன்னீங்க, இன்னைக்கு எல்லாருக்கும் விடுதலைன்னு."

குரல் உயரவில்லை. போய்விட்டாள். மற்றவர்களும் அவள் பின்னால் போனார்கள்.

நான் — தட்டுகளை அடுக்க ஆரம்பித்தேன். ஏன்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. வாயில என்ன கொழுக்கட்டையா?

18 ஆகஸ்ட்
விஸ்வநாதன் வீட்டில் பூங்காவனத்தை நிறுத்திவிட்டார்கள். அவர்களுக்கு அடுத்த வீட்டிலும். என் நோட்டீஸால் வந்தது.

'அப்பவே சொன்னேனே' என்று மேதா சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

31 ஆகஸ்ட்
அந்தப் பெண்கள் குடியிருக்கும் ஜுக்கிக் குடிசைகளுக்கு நடுவில் கூட்டம். வேறு நோட்டீஸ் எழுதித் தரவா என்று கேட்டேன்.

"நோட்டீசு இருக்கட்டும்க்கா," என்றாள் பூங்காவனம். "அந்த ரெண்டு வீட்டுக்கும் நாங்க யாரும் போறதில்லைன்னு முடிவு பண்ணிட்டோம். ஞாயித்துக்கிழமை லீவு தர்றோம்னு சொல்லட்டும், அப்பறம் பாக்கலாம்."

மேதாவும் நானும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

22 செப்டம்பர்
இன்னும் யாரும் போகவில்லை.

1 அக்டோபர்
பஸ் ஸ்டாப்பில் விஸ்வநாதன். "ஞாயித்துக்கிழமை லீவு குடுத்துடறோம். ஆத்துக்காரிக்கு முதுகு வலி. நீங்களே சொல்லி யாரையாவது அனுப்புங்கோ."

"நான் அனுப்பறவ இல்ல சார். பூங்காவனத்துகிட்ட நீங்களே கேளுங்க."

பஸ் வரும் திசையைப் பார்த்தார். "நாளைக்குக் காந்தி ஜயந்தி. அதுக்கும் லீவா?"

கேலியா, உண்மையாகவே கேட்டாரா, தெரியவில்லை. அதையும் அவளிடமே கேட்கச் சொன்னேன்.

19 அக்டோபர், ஞாயிறு
பூங்காவனம் போன வாரம் விஸ்வநாதன் வீட்டில் திரும்பச் சேர்ந்தாள்; இன்று அவளுக்கு லீவு. துணி காயப்போட மாடிக்குப் போனேன். எதிர் பிளாக்கின் பின்பக்க பால்கனியில் விஸ்வநாதன் உட்கார்ந்து குக்கர் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு அடிப்பக்கத்தைத் திருப்பித் தேய்த்தார்.