போனுக்கு எட்டாத சூடு

லீட்ஸ்,
அக்டோபர்

டேரன்,

வீட்டைப் புதுப்பித்தபோது ஹீட்டிங்கை மட்டும் நீயே தேர்ந்தெடுத்தாய். சுவரில் பட்டன் இல்லாத ஒரு கண்ணாடி வட்டம், ஆட்சியெல்லாம் உன் போனில். "நவம்பர் பொறக்காம ஹீட்டிங் போடுறவ சோம்பேறி. குளிருதுன்னா இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கோ" என்பாய்.

போன வாரம் உன் போனை எடுத்துச் சூட்டைக் கூட்டினேன். என் வலது கை விரல்கள் நசுங்கக் கதவை அறைந்து சாத்தினாய். இந்தப் பக்கமே வரக்கூடாது என்று போலீஸ் உன்னை உன் அம்மா வீட்டுக்கு அனுப்பியது. அன்று மாலையே இங்கே அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்கள் சில்லிட்டன. அங்கிருந்தும் அணைத்திருக்கிறாய்.

வேலையாட்கள் விட்டுப்போன சுத்தியலை இடது கையில் எடுத்தேன். வட்டம் நொறுங்கிய பிறகும் அடித்தேன். அது உன் முகமாக இருந்திருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டேன்.

எலக்ட்ரீஷியன் நைஜெல் வந்து, வட்டம் இருந்த இடத்து ஓட்டையைப் பார்த்தார்.

"எந்த மாதிரி மாட்டணும்மா?"

"கையால திருகுறது."

"கையிலதான் கட்டு போட்டிருக்கே?"

"இன்னொண்ணு இருக்குல்ல."

உன் துணிகளை இந்தப் பெட்டியில் அனுப்புகிறேன். ஸ்வெட்டர் மேலேயே இருக்கிறது. உன் அம்மாவும் நவம்பர் வரை ஹீட்டிங் போடமாட்டார்.

இப்படிக்கு,
அக்டோபரிலேயே வியர்த்துக்கொண்டிருப்பவள்