சந்தனம் தின்ற ஃபோர்க்

என் செல்லத் தம்பி முரளிக்கு,

முதலில் உன்னைத் திட்டிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். நான் வாயைத் திறந்தாலே சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவாய். இப்போது ஓட முடியாது. கேள்.

நீ கண்ணை மூடிய இந்த ஒரு வருடமாக உன் இத்தாலிய சைக்கிள் பின்கட்டில் போர்வைக்குள் நின்றது. உன் மகள் யமுனா பெட்டாலிங் ஜெயாவிலிருந்து வரும்போதெல்லாம் அதைத் துடைப்பாள். போன மாதம், "அத்தை, இதை நான் ஓட்டப் போறேன். அப்பா மாதிரி போர்ட் கிள்ளான் வரைக்கும்" என்றாள். தெருமுனை வரை போய்த் திரும்பினாள். "ஹேண்டில் திரும்பவே மாட்டேங்குது அத்தை. நேரா நேரா இழுக்குது."

எனக்கு உன் பெருமைதான் நினைவுக்கு வந்தது. "கையை விட்டாலும் நேரா போகும்க்கா, அப்படிப்பட்ட வண்டி!"

வழக்கமாக நீ போகும் குணாவின் கடைக்கே கொண்டுபோனோம். ஹேண்டிலைக் கழற்ற அவன் சுத்தியலால் தட்ட வேண்டியிருந்தது. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தான். "டீச்சர், சாப்டுட்டு வந்தீங்களா? அப்ப கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

நான் தள்ளி நிற்கவில்லை. அது என் தவறு.

முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கை அவன் கீழே உருவியதும் ஒரு நாற்றம் வந்தது பார், புளித்த எலுமிச்சையையும் ஊறிய சந்தனத்தையும் செத்த எலியையும் ஒரே டப்பாவில் மூடி வைத்துத் திறந்தது போல. கதவுக்குக் கீல் எப்படியோ, ஃபோர்க்குக்கு ஹெட்செட் அப்படி என்று குணா சொன்னான். அந்தக் கீலுக்குள் கிரீஸ் இல்லை. பழுப்பாக ஒரு களி. அதில் கரப்பான் கால்கள், இறக்கைகள். பேரிங் குண்டுகள் ஒரே இடத்தில் அழுந்திப் பள்ளம் பறித்திருந்தன. ஹேண்டில் அந்தப் பள்ளத்தில்தான் போய் விழுந்துகொண்டிருந்தது. நீ பெருமைப்பட்டது அந்தப் பள்ளத்தைத்தான்.

ஃபோர்க்கின் மேல்குழாயை குணா ஸ்குரூ டிரைவரால் குத்தினான். தேநீரில் நனைத்த பிஸ்கட்டில் இறங்குவது போல இறங்கியது.

"கடல் காத்தாப்பா?"

"கடல் காத்து இல்ல டீச்சர். இது சாமி வேலை." சிரித்துக்கொண்டே களியைச் சுரண்டிக் காட்டினான். குங்குமச் சிவப்பு.

ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை நீ செய்ததுதானே? ஹேண்டில் தலையில் எலுமிச்சையைப் பிளந்து, குங்குமம் தடவி, பிழிந்து வைப்பாய். அதன்மேல் சந்தனம், அதற்கும் மேல் பன்னீர். பழம் சுருங்கிக் கறுத்தாலும் எடுக்க விடமாட்டாய். சாறு எங்கே போகும் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லையா? துறைமுகத்தில் கிரேன்களுக்குத் துருப் பிடிக்காமல் பார்த்ததுதானே உன் வேலை? அங்கே பூஜையன்று எலுமிச்சை கிரேன் சக்கரத்துக்கடியில் நசுங்கும் என்று நீதானே சொன்னாய்? இதற்கு மட்டும் ஏன் தலையில் ஊற்றினாய்?

நான் ஆசிரியப் பயிற்சியில் இருந்தபோது, தண்ணீரில் ஓர் ஆணி, எலுமிச்சைச் சாற்றில் ஓர் ஆணி என்று டம்ளர்களை அடுக்கி வைத்தது ஞாபகமிருக்கிறதா? சாற்றை ஆணியோடு எடுத்துக் குடிக்கப் போனவன் நீ. அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

ஆனால் குணா கடையில் பட்ட அருவருப்பு அந்தக் களியோடு முடியவில்லை. உன் சைக்கிள் கூட்டாளி சுகுமாறன், சைக்கிளைப் பிரித்த செய்தி கேட்டு பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து வந்து சேர்ந்தான். உன் காரியத்தில் எங்களைவிட அதிகமாக அழுதவன். சைக்கிளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "அண்ணனோட உயிரே இதுலதான் இருக்கு டீச்சர். ஒரிஜினல் ஃபோர்க்கை மட்டும் மாத்திடாதீங்க."

அழுகிய இடத்தைக் காட்டினேன். மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"வெளிய குரோம் நல்லாத்தானே இருக்கு? உள்ள கழுவி, கிரீஸ் போட்டு மூடிடலாம். பெட்டாலிங் ஜெயால ஒரு ஆளு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்கான். ஒரிஜினல்னா கண்ணை மூடிட்டு வாங்கிடுவான் லா."

"வாங்கி ஓட்டுவானா?"

"ஓட்டினா என்ன டீச்சர்? மெதுவாத்தானே ஓட்டுவான்."

"மெதுவா எங்க ஓட்டுறது அங்கிள்?" என்றாள் யமுனா. "ஃபெடரல் ஹைவேயிலயா?"

பொய் சொல்லும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், தம்பி. மாட்டிக்கொண்டால் தரையைப் பார்ப்பார்கள். இவன் குரோமையே பார்த்துக்கொண்டிருந்தான். களிக்குத் தள்ளி நிற்காதவள் இவனுக்குத் தள்ளி நின்றேன். "சரி, ஃபோர்க்கை மட்டுமாவது குடுங்க, ஞாபகார்த்தமா வச்சுக்கிறேன்" என்றான். அது யார் சைக்கிளில் போய் ஏறும் என்று தெரியாதவளா நான்?

"குணா, ரம்பம் எடுப்பா."

"டீச்சர், நெசமாவா?"

யமுனா ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். ரம்பத்துக்கு வேலையே இல்லை. அழுகிய இடத்தில் வைத்து இழுத்ததும் குழாய் தானாகப் பிளந்து விழுந்தது. "பாவம் டீச்சர் இது" என்று சொல்லிவிட்டு சுகுமாறன் போனான். உடைந்த குழாயை அப்போதுதான் கையில் எடுத்துப் பார்த்தேன். உன் நெஞ்சு நின்றுபோனதைத்தான் இத்தனை நாளும் நொந்துகொண்டிருந்தேன். எத்தனை காலைகளில், லோரிகளுக்கு நடுவே, இந்தப் பிஸ்கட்டின் மேல் உட்கார்ந்து கையை வேறு விட்டுக்கொண்டு போயிருக்கிறாய்?

புது ஃபோர்க் வந்துவிட்டது. கறுப்பு. பட்டு வேட்டிக்குக் கீழே பள்ளிக்கூட பூட்ஸ் போட்டது போல அசிங்கமாக இருக்கிறது, மறைக்கவில்லை. ஹெட்செட்டும் புதிது. குண்டுகள் மூடிய வளையத்துக்குள் இருக்கின்றன, தண்ணீர் இறங்காது. ஹேண்டில் ஒரு விரலுக்குத் திரும்புகிறது.

நேற்று யமுனா போர்ட் கிள்ளான் வரை போய் வந்தாள். "கையை விட்டா நேரா போகலை அத்தை, ஆடுது" என்று குறைப்பட்டுக்கொண்டாள்.

"பிடிச்சு ஓட்டுடி" என்றேன்.

வருகிற ஆயுத பூஜைக்கும் இதற்குப் பொட்டு உண்டு, தம்பி. மணியில் ஒன்று, அதுவும் அன்று மாலையே துடைக்கப்படும். எலுமிச்சை சக்கரத்துக்கடியில்தான். பன்னீரை உன் படத்துக்குத் தெளித்துக்கொள்கிறேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

இன்னமும் மூக்கைப் பிடித்துக்கொண்டிருக்கும்,
உன் பெரியக்கா