காவலர்கள் விழிக்கும் நேரம்

ஜூன் 12
தலை பின்னும்போது என் கழுத்தில் நெறி கட்டியிருப்பது அம்மாவின் கைக்குத் தட்டுப்பட்டது. "ஏதாவது பூச்சி கடிச்சிருக்கும்" என்றாள். ஆனால் பின்னலைப் பாதியில் விட்டு அப்பாவைக் கூப்பிட்டாள். பூச்சிக்கடிக்கு யாராவது அப்பாவைக் கூப்பிடுவார்களா?

ஜூன் 20
கட்டியிலிருந்து சதை எடுத்தார்கள். வலிக்கவில்லை என்று பொய் சொன்னேன்.

ஜூன் 27
புற்றுநோய்.

சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுப் பேசினார்கள், எனக்குக் கேட்கக் கூடாதாம். எனக்குச் சிறுநீரகம்தானே கெட்டது, காது இல்லையே.

எனக்கு எட்டு வயதானபோது அப்பா தன்னுடையதில் ஒன்றைத் தந்தார். ஏழு வருடமாக அது என் அடிவயிற்றில், வலப்பக்கம். தொட்டால் மேடு தெரியும்.

"என்கிட்டேருந்துதான் போயிருக்கும். கெட்டதைத் தூக்கிப் பிள்ளைக்குக் குடுத்துட்டேன்."

"வாயை மூடுங்க. நல்லதைத்தான் குடுத்தீங்க."

லாரி ஓட்டுகிற அப்பா, விசும்பி விசும்பி அழுதார்.

பயமா இருக்கு. யார்கிட்ட சொல்றது? எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா ரெண்டு பேரும் உடைஞ்சுடுவாங்க. போர்வைக்குள்ளேயே எழுதுகிறேன்.

ஜூன் 30
அப்பா என் முகத்தைப் பார்ப்பதில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே "சாப்பிட்டியாம்மா?" என்கிறார்.

ஜூலை 3
டாக்டரிடம் நானே கேட்டுவிட்டேன். "அப்பா கிட்னியிலேருந்தா கேன்சர் வந்துச்சு?"

அம்மா திடுக்கிட்டு என் பக்கம் திரும்பினாள். டாக்டர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"இல்லடா, அது தங்கம். அதை வெளியாள்னு விரட்டிடக் கூடாதுன்னு உன் உடம்போட காவல்காரங்களை மாத்திரை குடுத்து அரைத்தூக்கத்துல வெச்சிருக்கோம். அவங்க அசந்த நேரம் இது வளர்ந்துடுச்சு. வருஷக்கணக்கா இந்த மாத்திரை போடறவங்களுக்கு இந்த ஆபத்து உண்டு. இப்ப மாத்திரையைக் குறைப்போம். முழிச்சுக்கிட்டா கட்டியை அவங்களே பார்த்துப்பாங்க."

"அப்பாவோடதையும் விரட்டிட்டா?"

"விரட்டலாம். அதான் வாராவாரம் ரத்தம் பார்க்கப் போறோம்."

பொய் சொல்லாத டாக்டர்.

வெளியே வந்ததும் அப்பா என் முகத்தைப் பார்த்தார். "என்னோடதுனால இல்லையாமே!" பரீட்சையில் தேறிய பையன் மாதிரி.

ஜூலை 4
பாதி மாத்திரை.

எனக்குள் எத்தனை கோடிக் காவலர்கள்! ஒருவர் முகமும் நான் பார்த்ததில்லை. என் பெயர்கூட அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் எனக்காகவே பிறந்து எனக்காகவே சாகிறார்கள். என்னைக் காப்பதாக நினைத்துத்தான் அப்பாவை விரட்டவும் துடிக்கிறார்கள். நான் எவ்வளவு பெரிய ஊர்! எனக்கே தெரியாதே.

எழுந்திருங்க. ஆனா இவரை மட்டும் விட்டுடுங்க.

ஜூலை 19
ரத்தத்தில் உப்பின் அளவு ஏறியிருக்கிறது. சிறுநீரகம் தடுமாறுகிறதாம்.

"போனா போகட்டும்மா. நீ இருந்தா போதும்."

எனக்கு அது வேணும்ப்பா.

ஜூலை 26
உப்பு ஏறவில்லை. இறங்கவுமில்லை.

ஆகஸ்ட் 30
கட்டி கரைந்துவிட்டது!

சிறுநீரகத்தையும் ஸ்கேன் செய்தார்கள். திரையில் சிவப்பும் நீலமுமாய், மரம் கிளை விடுவதுபோல ரத்தம் பாய்ந்தது. அப்பா வாய் பிளந்து நின்றார். "அடேயப்பா, என்னா வேலை பாக்குறான்! என்கிட்ட இருந்தப்ப இப்படி உழைச்சிருப்பானா?"

"உங்ககிட்ட இருந்தா உங்களை மாதிரிதானே இருப்பான்" என்றாள் அம்மா.

மறுபடி வரலாம், ஆயுசுக்கும் கண் வைத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். சரி என்றேன்.

திங்கட்கிழமை கணக்குத் தேர்வு. ஒரு பாடமும் படிக்கவில்லை. பயமா இருக்கு — வெறும் கணக்குக்காக!